குளத்தைக் கழுவ வேண்டாம், சேற்றை மட்டும் எடுங்கள்

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தாம்பரம் பக்கம் வீடு. கொல்லையில் எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் ஒரு சிமென்ட் குளம். பாதி தரைக்குள், பாதி மேலே. முப்பது கோல்டு ஃபிஷ், நான்கு கோய் மீன், கடைக்காரர் சொன்னார் என்று வாங்கிவிட்ட இரண்டு ‘டேங்க் கிளீனர்’ மீன், மூன்று தொட்டி அல்லி. மூன்று வருடமாகச் சுத்தம் செய்யவில்லை. தண்ணீர் பச்சையாகிவிட்டது, கையை விட்டால் நாற்றம், விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை மொத்தத் தண்ணீரையும் இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விடலாமா? மாமியார் வேறு கொசு வரும், மூடிவிடு என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வேலையை முதலில் ரத்து செய்யுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. 2012-ல் நான் கோவையில் அச்சு அசலாக இதையேதான் செய்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுவர் வெளுக்கும்வரை தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, போர் தண்ணீர் நிரப்பினேன். அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம் போலத் தெளிவு. போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். மூன்று நாள் ஒன்றுமில்லை. நான்காம் நாள் துடுப்போரம் சிவக்க ஆரம்பித்தது. ஒன்பதாம் நாளுக்குள் பதினொரு மீன்களைக் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தேன். தண்ணீர் அப்போதும் கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

காரணம் பிற்பாடுதான் புரிந்தது. மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அதன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகி இன்னும் அம்மோனியா சேர்கிறது. இதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, அல்லியும் பாசியும் அதைத் தின்றுவிடும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பவை கொஞ்சம்தான். சுவரில், கல்லில், தொட்டியின் வெளிப்புறத்தில், வடிகட்டி ஸ்பான்ஜில் ஒட்டிக்கொண்டு வாழ்பவைதான் அதிகம். சுவரைத் தொட்டால் கொழகொழவென்று வருகிறதே, நாம் அழுக்கென்று தேய்த்தெடுப்பது, அதில்தான் இவை குடியிருக்கின்றன. சாதாரண பாக்டீரியா அரைமணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். இவை இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். ஒருமுறை துடைத்தழித்தால் பழைய நிலைக்கு வர நாலிலிருந்து ஆறு வாரம். அதுவரை மீன்கள் தங்கள் சிறுநீரிலேயே நீந்த வேண்டியதுதான்.

சரி, உங்கள் குளத்துக்கு வருவோம். எட்டு, ஐந்து, இரண்டரை பெருக்கினால் நூறு கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக முழுக்க நிரம்பினால் 2,830 லிட்டர். தொட்டி, கல், சேறு போக 2,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணை எங்காவது எழுதி வையுங்கள். தண்ணீர் மாற்றுவது, மருந்து போடுவது, பம்ப் வாங்குவது எல்லாமே இதை வைத்துத்தான்.

ஞாயிறுவரை காத்திருக்கக் கூடாதது ஒன்று இருக்கிறது: அந்த விடிகாலை மூச்சுத் திணறல். பச்சைத் தண்ணீர் என்பது கோடிக்கணக்கான ஒற்றைச் செல் பாசி. பகலில் அது ஆக்சிஜனைக் கொடுக்கும். இருட்டிய பிறகு மீனோடு சேர்ந்து அதுவும் ஆக்சிஜனை இழுக்கும். அடிச்சேறும் அழுகிக்கொண்டே தன் பங்கை எடுக்கும். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். நம்மூர்த் தண்ணீர் பெரும்பாலும் அந்த முப்பதை ஒட்டித்தான் இருக்கும். இரவு முழுக்கச் செலவானால் காலை ஐந்து மணிக்கு அடிமட்டம். வெயில் ஏறியதும் மீன்கள் தெளிந்துவிடுவதால் நாமும் மறந்துவிடுகிறோம். ஒரு ஏர் பம்ப், காற்றைக் குமிழ் குமிழாகச் சிதறவிடும் ஏர் ஸ்டோன் இரண்டு இன்றே வாங்கிப் போடுங்கள். சென்னையில் இருக்கிறீர்கள், கொளத்தூர் போனால் தெரு முழுக்க மீன் கடைதான், கரண்ட் போனாலும் ஓடும் பேட்டரி வைத்த பம்பாகக் கேளுங்கள். இரவு முழுக்க ஓடட்டும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், கீழே வைத்தால் கரண்ட் போனதும் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி பம்புக்குள் இறங்கிவிடும்.

தீனியையும் இன்றோடு நிறுத்துங்கள். ஒரு வாரம் பட்டினி கிடந்தால் நன்றாக வளர்ந்த கோல்டு ஃபிஷ்ஷுக்கு ஒன்றும் ஆகாது; குளத்தில் பாசியும் பூச்சியும் இருக்கிறது, கொறித்துக்கொள்ளும். அதன் பிறகும் ஒரு நாளைக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். வீட்டுக்கு வருகிற குழந்தைகள் எல்லோரும் ஆளுக்கொரு பிடி போடுவதுதான் முக்கால்வாசிக் குளங்கள் பச்சையாவதற்குக் காரணம்.

அடுத்து அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று. சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக இருந்தால் நிம்மதி, பச்சையாக ஆக ஆகச் சிக்கல். கூடவே தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் கிட்டும் வாங்குங்கள், ஏனென்றால் அம்மோனியா எண் தனியாக எதையும் சொல்லாது. 25 டிகிரித் தண்ணீரில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் அரை சதவீதம்தான் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8 ஆனால் 5 சதவீதம். 9-க்குப் போனால் 36 சதவீதம். பாசி மண்டிய குளத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு பிஎச் 9-ஐத் தொடுவது சகஜம், பாசி தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் வருவது அது. ஆகவே காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை பாருங்கள். கிணற்றுக்குப் போடுவது போலச் சுண்ணாம்பு போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள் என்பதும் இதனால்தான். மீன் இல்லாத வற்றிய குளத்துக்குச் சுண்ணாம்பு நல்லது. மீன் இருக்கும்போது பிஎச்சை ஏற்றிவிட்டு, இருக்கிற கொஞ்ச அம்மோனியாவையும் விஷமாக்கிவிடும்.

இதே வரிசையில் மயில்துத்தம். பாசியைக் கொல்லும், உண்மைதான். நத்தையையும் கொல்லும், அளவு தப்பினால் மீனையும் கொல்லும். அளவு தப்பாவிட்டாலும், செத்த பாசி மொத்தமும் ஒரே நேரத்தில் அழுகி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். உங்கள் குளம் இருக்கும் நிலைக்கு அடுத்த நாள் காலை எல்லாம் மிதக்கும். படிகாரம் கலங்கலைப் படிய வைக்கும், பாசிக்கான காரணத்தைத் தொடாது.

இப்போது சேறு. மூன்று வருடம் என்றால் நாலு விரற்கடை இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். மேலே பழுப்பாகவும் அடியில் கறுப்பாகவும் இருக்கும். அந்தக் கறுப்பைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். காற்றுப் படாமல் அழுகியதில் உண்டாகும் வாயு அது, ஹைட்ரஜன் சல்ஃபைடு. உள்ளே இறங்கி மம்பட்டியால் கிளறினால் மொத்தமும் தண்ணீரில் கலந்து மீன்கள் ஒரு மணி நேரத்தில் மல்லாந்துவிடும். ஆகவே கிளறாமல் உறிஞ்ச வேண்டும்.

முக்கால் அங்குல ஹோஸ் பைப் ஒன்று எடுத்து, அதன் முனையில் அடிப்பாகம் வெட்டிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுத்துப் பக்கமாகச் செருகி, கம்பி போட்டு இறுக்குங்கள். புனல் மாதிரி இருக்கும். பைப்பை முழுக்கக் குளத்துக்குள் அமிழ்த்திக் காற்றை வெளியேற்றிவிட்டு, மறுமுனையை விரலால் அடைத்துத் தூக்கி வெளியே தாழ்வான இடத்தில் விட்டால் தானாக ஓடும். வாயால் உறிஞ்ச வேண்டாம். புனலைச் சேற்றின் மேல் மெதுவாக வைத்து, அரை நிமிடம் அசையாமல் பிடித்து, அடுத்த இடத்துக்கு நகர்த்துங்கள். சுண்ணாம்பு அடிப்பவர் பட்டை பட்டையாக அடிப்பாரே, அந்த மாதிரி. வெளியே கறுப்பாக ஓடுவது பழுப்பாகி, பச்சையானால் அந்த இடம் முடிந்தது.

ஒரு சிக்கல் உண்டு. உங்கள் குளம் பாதி தரைக்குள் இருக்கிறது, அதனால் தண்ணீர் தரைமட்டத்துக்கு இறங்கியதும் ஓட்டம் நின்றுவிடும். நமக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை, ஒரு தடவைக்குக் கால்வாசித் தண்ணீர், அதாவது 600, 700 லிட்டர் வெளியேறினால் போதும். முதல் நாள் பாதி அடிப்பரப்பு, பத்து நாள் கழித்து மீதி. இரண்டு விரற்கடை சேறு எங்காவது மிஞ்சினால் இருக்கட்டும், பாதகமில்லை. வெளியேறும் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். ஏரி வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலில் கொட்டிய ஊர்க்காரர்கள் நாம். தென்னை, வாழை, முருங்கை எது இருந்தாலும் அதன் பாத்தியில் விடுங்கள். ஒரு மாதத்தில் இலை நிறம் சொல்லும்.

எடுத்த அளவுக்குப் புதுத் தண்ணீர் விடும்போதுதான் கவனம் வேண்டும். குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். டிரம்மில் பிடித்து ஒரு நாள் வெயிலில் திறந்து வைத்தால் போய்விடும். அவசரமென்றால் மீன் கடையில் ‘ஹைப்போ’ என்று படிகமாகக் கிடைக்கும், சோடியம் தயோசல்ஃபேட். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏழு மில்லிகிராம் என்பது கணக்கு. 700 லிட்டருக்கு ஐந்து கிராம், ஒரு டீஸ்பூன் வரும். போர் தண்ணீர் என்றால் குளோரின் கவலை இல்லை, ஆனால் பூமிக்கடியிலிருந்து வருவதில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். குழாயை நேராகக் குளத்துக்குள் விடாமல், ஒரு சல்லடைக் கூடையில் விழவைத்து அங்கிருந்து மழை மாதிரிச் சிதறி இறங்கும்படி கட்டுங்கள். அப்புறம், மாடித் தொட்டித் தண்ணீரை மத்தியானத்தில் திறந்துவிடாதீர்கள், அது டீ போடுகிற சூட்டில் இருக்கும். காலை ஏழு மணி சரியான நேரம்.

எனக்கு மிகப் பிடித்த வேலை அல்லித் தொட்டியை எடுத்துப் பார்ப்பது. ஒவ்வொன்றாக எடுங்கள், மூன்றையும் ஒரே நாளில் வேண்டாம். தூக்கும்போது கனக்கும், மண் வெளியே தெரியாத அளவுக்கு வேர் பின்னியிருக்கும். இலைக்காம்பெல்லாம் வழுவழுவென்று, சிலவற்றில் நத்தை முட்டை ஜெல்லி மாதிரி ஒட்டியிருக்கும். தலைகீழாகத் தட்டி எடுத்து, கிழங்கில் அமுங்குகிற, நாறுகிற பகுதியை வெட்டித் தள்ளுங்கள். குருத்தோடு நாலு அங்குலம் கெட்டியான துண்டு போதும். மஞ்சளான, முற்றிய இலைகள் எல்லாவற்றையும் கிள்ளிவிட்டு, இரண்டு மூன்று இளம் இலை மட்டும் விடுங்கள்.

மண் விஷயத்தில் நர்சரிக்காரர்கள் தரும் பூந்தொட்டிக் கலவை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள தேங்காய் நார்த்தூள் மிதக்கும், தொழுவுரம் கரைந்து இன்னொரு முறை குளத்தைப் பச்சையாக்கும். வெறும் களிமண், வயல் மண் கிடைத்தால் உத்தமம். தொட்டியின் அடியில் ஒரு பிடி எலும்புத் தூளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி வைத்து, மேலே களிமண்ணை அழுத்தி நிரப்பி, கிழங்கை நட்டு, குருத்து மட்டும் வெளியே தெரிய, மேற்பரப்பில் முஷ்டி அளவு கற்களை அடுக்குங்கள். சின்னக் கூழாங்கல் போட்டால் கோய் அதை வாயால் தூக்கி எறிந்துவிட்டு மண்ணைக் குடையும். கோய் இருக்கும் குளத்தில் அல்லி பிழைப்பது இந்தக் கல்லால்தான். உடனே அடியாழத்தில் வைக்காமல் செங்கல் அடுக்கி அரையடி ஆழத்தில் வைத்து, இலை மேலே வர வர ஒவ்வொரு செங்கலாக எடுங்கள்.

குளத்தின் பரப்பில் பாதியாவது இலை மூடியிருந்தால் பாசிக்கு வெயில் கிடைக்காது. அல்லி தேறும்வரை மேலே பச்சை நிழல்வலை கட்டலாம். கூடவே வேலம்பாசி என்கிற நீர்ச்செடி ஒரு கை போடுங்கள், நைட்ரேட்டை உறிஞ்சுவதில் அதற்கு ஈடில்லை. நட்டு வைக்கக்கூட வேண்டாம். கோய் பாதியைத் தின்னும், மீதி வளரும். ஆகாயத்தாமரையும் உறிஞ்சும்தான், ஆனால் வாரம் ஒருமுறை பாதியை அள்ளிக் குப்பைக்குழியில் போடும் ஒழுங்கு இருந்தால் மட்டும். அதை வெளியே எந்த வாய்க்காலிலும் வீச வேண்டாம்.

சுவர்ப் பாசியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பச்சை வெல்வெட் மாதிரி ஒட்டியிருப்பதை அப்படியே விடுங்கள், அது நம் ஆள். நூல் நூலாகத் தொங்குவதை மட்டும் பழைய டாய்லெட் பிரஷ்ஷில் சுற்றி இழுத்தால் திரி மாதிரி வந்துவிடும்.

இவ்வளவும் செய்து வடிகட்டி இல்லாவிட்டால் அடுத்த வருடம் இதே கேள்வியோடு வருவீர்கள். விலையுயர்ந்தது தேவையில்லை. இருபது லிட்டர் பெயின்ட் வாளி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் ஸ்பான்ஜ், இரண்டாவதில் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் உருண்டைகள் நிறைய. ஒரு சின்ன சப்மெர்சிபிள் பம்ப் குளத்திலிருந்து முதல் வாளியின் அடிக்குத் தண்ணீர் ஏற்றி, அது வழிந்து இரண்டாவதற்குப் போய், அங்கிருந்து குளத்தில் விழ வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மொத்தத் தண்ணீரும் சுற்றிவர, மணிக்கு 1,200, 1,500 லிட்டர் தள்ளும் பம்ப் பார்த்து வாங்குங்கள். இரவும் பகலும் ஓட வேண்டும். ஸ்பான்ஜ் அடைத்தால் குளத்திலிருந்து மொண்ட ஒரு வாளித் தண்ணீரிலேயே பிழிந்து போடுங்கள், குழாயடியில் கழுவினால் குளோரின் பட்டு பாக்டீரியா போச்சு. அந்த லைனுக்கு, மின்கசிவு வந்தால் தானாகக் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போட எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அது இருந்தாலும் குளத்தில் கை வைக்குமுன் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

யூவி விளக்கு பச்சைத் தண்ணீரை ஒரு வாரம், பத்து நாளில் தெளிய வைக்கும், பொய்யில்லை. ஆனால் அம்மோனியாவை அது ஒன்றும் செய்யாது. கடைசியாக வாங்குங்கள்.

மீன் எண்ணிக்கை அதிகம், இதை மென்மையாகச் சொல்ல வழியில்லை. கோய் இரண்டடி வளரக்கூடிய மீன், ஒன்றுக்கே ஆயிரம் லிட்டர் கேட்கும். நாலு கோயை நண்பர் யாருக்காவது கொடுத்துவிட்டு, கோல்டு ஃபிஷ்ஷைப் பன்னிரண்டு, பதினைந்துக்குக் குறைத்தால் உங்கள் வேலை பாதியாகும். அந்த ‘டேங்க் கிளீனர்’ எதையும் கிளீன் செய்யாது. கொஞ்சம் பாசி தின்னும், அதற்கு மேல் கழிவு போடும், ஒன்றரை அடி வளரும், இரவில் கோல்டு ஃபிஷ் உடம்பிலுள்ள வழவழப்பைச் சுரண்டும். தென் அமெரிக்க மீன் அது. வீடுகளிலிருந்து ஏரியில் விட்டது பெருகி, நம்மூர் மீனவர் வலையில் கெண்டைக்குப் பதில் இதுதான் ஏறுகிறது. முள்ளுத் துடுப்பு வலையையும் கிழிக்கும். கடையில் திருப்பிக் கொடுங்கள், வாங்க மாட்டேன் என்றால் தனித் தொட்டியில் வையுங்கள், ஏரிக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

எப்போதுதான் முழுக்க இறைப்பது? சுவர் விரிசல் விட்டுத் தண்ணீர் கசிந்தால் மட்டும். அப்போதும் மீன்களைக் குளத்துத் தண்ணீரையே நிரப்பிய டிரம்மில், நிழலில், ஏர் ஸ்டோன் போட்டு, குதிக்காமல் மேலே வலை கட்டி வைக்க வேண்டும். பாதித் தண்ணீரையாவது வேறு டிரம்களில் சேமித்துத் திரும்ப ஊற்ற வேண்டும். புது சிமென்ட் பூசியிருந்தால் நிரப்பி வாழைத்தண்டுத் துண்டுகளை ஊறப்போட்டு, வாரம் ஒருமுறை இறைத்து மாற்றி, பிஎச் எட்டுக்குக் கீழ் இறங்கிய பிறகுதான் மீன்.

உங்கள் மாமியாரின் கொசு பயம் நியாயமானதுதான், ஆனால் மீன் இருக்கும் குளத்தில் கொசுப்புழு தங்காது. அல்லி இலைகளுக்கு நடுவே பெரிய மீன் நுழையாத மூலைகளுக்குப் பத்து கப்பி மீன் விட்டால் அதுவும் தீர்ந்தது. டெங்கு கொசு வளர்வது குளத்தைச் சுற்றிக் கிடக்கும் காலி பூந்தொட்டித் தட்டிலும், நீங்கள் குளோரின் போகத் திறந்து வைக்கப் போகிற அந்த டிரம்மிலும்தான். டிரம்மின் மேல் கொசுவலைத் துணி கட்டச் சொல்லி அவரிடமே பொறுப்பைக் கொடுங்கள்.

இது புரட்டாசி. ஐப்பசி மழை இறங்குவதற்குள் முதல் தடவைச் சேற்றை எடுத்துவிடலாம். மழையில் தோட்டத்து மண்ணும் உரமும் குளத்துக்குள் வழியாமல் சுற்றிலும் ஒரு செங்கல் வரிசை வையுங்கள். இன்றிரவு ஏர் பம்ப். நாளைக் காலையும் மத்தியானமும் எடுத்த அம்மோனியா, பிஎச் எண்களை எழுதி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை லிட்டர் எடுப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.